பழைய சீட்டில் புது மாத்திரை வேண்டாம்

மயிலாப்பூரின் மாட வீதிகளிலும் தியாகராய நகரின் கடைத்தெருக்களிலும் அடையாறுப் பூங்காக்களிலும் முன்பு அன்றாடம் நடமாடி, இப்போது வீட்டோடு ஒடுங்கிவிட்ட பெரியவர்கள் பலர். காரணம் கேட்டால் முழங்கால் வலி என்பார்கள், வெயில் என்பார்கள், மெட்ரோ பணிகளால் நடக்க வழியில்லை என்பார்கள். இவை யாவும் மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் சிலருடைய உள்ளத்தில் வெளியே சொல்லாத இன்னொரு காரணமும் இருக்கிறது. வழியில் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தால் எங்கே ஒதுங்குவது என்னும் அச்சமே அது. அத்தகையோர் கோவிலுக்குப் போவதைக் குறைத்துக்கொள்வார்கள். மார்கழிக் கச்சேரிக்குப் போனாலும் கதவை ஒட்டிய நாற்காலியையே தேடுவார்கள். திருமண வீட்டில் தண்ணீரைக்கூடத் தொடமாட்டார்கள்.

இந்த நிலைக்கு மிகைச் செயல் சிறுநீர்ப்பை என்று பெயர். ஓவர் ஆக்டிவ் பிளாடர் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். திடீரென்று, தள்ளிப்போட முடியாதபடி சிறுநீர் கழிக்கும் அவசரம் எழுவதே இதன் முதன்மை அடையாளம். அதனோடு பகலில் பலமுறை போவதும், இரவில் தூக்கம் கலைந்து எழுவதும், சிலருக்குக் கழிப்பறையை அடையுமுன்னரே சிறுநீர் கசிவதும் சேர்ந்திருக்கும். சிறுநீர்த் தொற்றோ வெளிப்படையான வேறு நோயோ இல்லாதபோதுதான் இப்பெயர் பொருந்தும். ஆண், பெண் இருபாலருக்கும் இது வரும். வயது ஏற ஏற மிகுதியாகக் காணப்படும். ஆனால், முதுமை என்றால் இப்படித்தான் என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதன்று.

இதற்கு நல்ல மருந்துகள் உள்ளன. தகுந்தவருக்குத் தகுந்த அளவில் தரப்படும்போது அவை தூக்கத்தையும் நடமாட்டத்தையும் தன்மானத்தையும் மீட்டுத் தருகின்றன. இரவில் அவசரமாக எழுந்து ஓடி, இருட்டில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் ஆபத்தையும் எண்ணினால், இந்நோயைக் கவனியாமல் விடுவதும் தீங்கே. எனவே நாங்கள் மருந்துக்கு எதிராக எழுதவில்லை. எங்கள் கருத்து ஒன்றே. என்றோ ஒருநாள் மருத்துவர் எழுதித் தந்த பழைய சீட்டைக் காட்டி, இந்த மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் வாங்கி விழுங்கும் வழக்கம் நிற்க வேண்டும். மருந்தைத் தொடங்கும் நாளைப் போலவே, அது இன்னும் தேவைதானா என்று பார்க்கும் நாளும் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு சாவி, பல கதவுகள்

இந்த மருந்துகளுக்கு மட்டும் ஏன் இத்தனை கண்காணிப்பு என்று கேட்கலாம். அவை வேலை செய்யும் விதத்திலேயே விடை இருக்கிறது.

சிறுநீர்ப்பை தசையால் ஆன பை. நிரம்பும்போது அது தளர்ந்து விரிய வேண்டும். நாம் இசைவு தந்த பின்னரே சுருங்க வேண்டும். சுருங்கச் சொல்லி நரம்பு முனைகள் அனுப்பும் தூதுப்பொருள் அசிட்டைல்கோலின். இந்நோயில், பை போதிய அளவு நிரம்புமுன்பே தசை சுருங்க முற்படுகிறது. ஆக்ஸிபியூடினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின், டாரிஃபெனாசின் முதலிய மருந்துகள் அந்தத் தூதைத் தசையின் வாயிலிலேயே தடுக்கின்றன. அவசரம் தணிகிறது.

ஆனால் அதே தூதுப்பொருள்தான் உமிழ்நீரைச் சுரக்கச் செய்கிறது, குடலை அசைக்கிறது, கண்ணின் பாவையைச் சுருக்குகிறது, வியர்வையை வரவழைக்கிறது, மூளையில் நினைவுக்குத் துணை நிற்கிறது. சிறுநீர்ப்பைக்கென்று செய்த சாவி இத்தனை கதவுகளிலும் நுழைந்துவிடுகிறது. ஆகவே நாக்கு வறள்வதும், மலம் இறுகுவதும், அருகிலுள்ள எழுத்து மங்குவதும் இம்மருந்துகளோடு சேர்ந்தே வரக்கூடியவை. முதியவர்களுக்கு மனத்தடுமாற்றமும் நேரலாம். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள், குறிப்பாக அதன் குறுகிய கோண வகை உள்ளவர்கள், கண் மருத்துவரின் கருத்தைக் கேளாமல் இவற்றைத் தொடங்கக் கூடாது. சிறுநீர் முழுமையாக வெளியேறாமல் பையில் தேங்குபவர்களுக்கு இவை அடைப்பையே உண்டாக்கிவிடலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு, சிறுநீர் கழித்த பின் பையில் எஞ்சும் அளவை ஸ்கேன் மூலம் பார்த்த பிறகே இம்மருந்துகளைத் தருவது நலம்.

மிராபெக்ரான் வேறு வகையைச் சேர்ந்தது. 2011-இல் ஜப்பானில் முதன்முதலாக ஒப்புதல் பெற்ற இம்மருந்து, சுருங்கும் தூதைத் தடுப்பதில்லை. பை தளர்வதற்கு உதவுகிறது. நாக்கு வறட்சியும் மலச்சிக்கலும் இதில் குறைவு. ஆயினும் இது இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும். அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் கட்டுக்கடங்காமல் இருப்பவர்களுக்கு இது ஏற்றதன்று. இதய நோய்க்காகத் தரப்படும் மெட்டோபிரோலால், டைகாக்ஸின் ஆகிய மருந்துகளின் அளவை இரத்தத்தில் கூட்டவும் செய்யும். சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்தவர்களுக்கு மிராபெக்ரானை 25 மில்லிகிராமுக்கும், சோலிஃபெனாசினை 5 மில்லிகிராமுக்கும் மேல் தருவதில்லை. அண்டை வீட்டாருக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணுவது எத்தகைய துணிச்சல் என்பதை இது ஒன்றே காட்டும்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். நாக்கு வறட்சி சில நாள்களிலேயே தெரிந்துவிடும். முழுப் பலன் தெரியவோ 4 முதல் 8 வாரங்கள் ஆகலாம். துன்பம் முன்னே வந்து நன்மை பின்னே வருவதால் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. ஒருவர் முதல் வாரத்திலேயே சலித்து நிறுத்திவிடுகிறார். இன்னொருவர், ஒன்று போதவில்லை என்று இரண்டாக விழுங்குகிறார். இருவரும் மருத்துவரிடம் சொல்வதில்லை.

மறதியும் மாத்திரையும்

அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 3,434 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியாயிற்று. அசிட்டைல்கோலினை வலுவாகத் தடுக்கும் மருந்துகளை மிகுதியாகவும் நெடுநாளாகவும் உட்கொண்டவர்களிடையே மறதி நோய் கூடுதலாகக் காணப்பட்டது என்பது அதன் முடிவு. மூன்றாண்டுகளுக்கு மேல் நாள்தோறும் உட்கொண்டதற்கு இணையான அளவை எட்டியவர்களிடம் இத்தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. அந்த மருந்துகளுள் சிறுநீர்ப்பை மாத்திரைகளும் இருந்தன. பழைய வகைச் சளி, அரிப்பு மாத்திரைகளும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் இருந்தன.

இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. தொடர்பு இருக்கிறது என்பதனால் மாத்திரையே மறதியை உண்டாக்குகிறது என்று ஆகிவிடாது. ஆயினும் அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இம்மருந்துகளை எழுதும்போது மறதி நோய் பற்றிய ஐயத்தை நோயாளியிடம் மருத்துவர் எடுத்துரைக்க வேண்டும் என்கிறது. அதையே நாங்களும் வலியுறுத்துகிறோம். முடிவெடுக்கும் உரிமை உங்களுடையது. அதற்குரிய செய்தி உங்களிடம் வந்து சேர வேண்டும். எழுபத்தைந்து வயதைக் கடந்த தாயாருக்குப் புதிதாகத் தடுமாற்றம் தென்பட்டால், வயதாகிவிட்டது என்று முடிவு கட்டுமுன், அண்மையில் எந்த மாத்திரை சேர்ந்தது என்று பாருங்கள்.

தனித்தனிப் பைகள்

நம் நகரத்தில் இந்த ஆபத்து கூடுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. சர்க்கரைக்கு ஒரு மருத்துவர், இதயத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், சிறுநீருக்கு ஒருவர் என்று பார்க்கும் வசதி இங்கே இருக்கிறது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மூலம் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் பலருக்கு வீட்டுக்கே வருகின்றன. 2025 பிப்ரவரியில் தமிழகமெங்கும் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. கைப்பேசியில் தட்டினால் அரை நாளில் மருந்து வாசலுக்கு வருகிறது. இவையெல்லாம் நன்மைகளே. ஆனால் ஒரு பையில் இருப்பது இன்னொரு பைக்குத் தெரியாது.

அதனால் நேர்வதைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம். சர்க்கரை நோயால் காலில் எரிச்சல் உள்ளவருக்கு அமிட்ரிப்டிலின் தரப்பட்டிருக்கும். சளி பிடித்தால் அவரே குளோர்பெனிரமின் கலந்த மாத்திரையைக் கடையில் வாங்குவார். இவற்றோடு சோலிஃபெனாசினும் சேர்ந்தால், ஒரே தூதை மூன்று பக்கமும் தடுத்தது போலாகும். மறதி நோய்க்குத் தரப்படும் டோனெபெசில், அசிட்டைல்கோலினைப் பெருக்குவதன் மூலம் சிறுநீர் அவசரத்தைத் தூண்டலாம். அதற்கென்று இன்னொரு மருத்துவர் அதையே தடுக்கும் மாத்திரையை எழுதினால், ஒரு மருந்து கட்டுவதை மற்றொன்று இடிக்கும். ஒரே மருந்து இரு நிறுவனங்களின் இரு பெயர்களில் வீட்டுக்கு வந்து, இரண்டும் நாள்தோறும் வயிற்றுக்குள் போவதும் உண்டு. ஆகையால் அட்டையில் பெரிதாக அச்சிட்ட வணிகப் பெயரை மட்டும் பாராமல், கீழே சிறிதாக அச்சிட்ட மருந்தின் மூலப்பெயரையும் படியுங்கள்.

சில வேளைகளில் சிறுநீர்ப்பையின்மீது குற்றமே இராது. கட்டுப்படாத சர்க்கரை சிறுநீரைப் பெருக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் போக்கு கூடும். இரத்த அழுத்தத்துக்கான ஆம்லோடிபின் சிலருக்குக் காலில் நீர் கோக்கச் செய்து, படுத்தபின் அந்நீர் சிறுநீராக இறங்கி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். கிருமித் தொற்று, சிறுநீர்ப்பைக் கல், அரிதாகச் சிறுநீர்ப் பாதையைத் தாக்கும் காசநோய், புற்றுநோய் ஆகியவையும் இதே முகத்தோடு வரலாம். காரணத்தைத் தேடாமல் மாத்திரையால் அறிகுறியை அடக்கினால் நோய் உள்ளே வளரும். சிறுநீரில் இரத்தம் கண்டால் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

இந்தியாவில் முதியோர் மருத்துவம் தனித் துறையாக வேரூன்றியது சென்னையில்தான் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வ.செ. நடராசன் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறைக்கான எம்.டி. படிப்பு தொடங்கியது. 2024-இல் கிண்டியில் 200 படுக்கைகளுடன் முதியோருக்கான தேசிய மையம் திறக்கப்பட்டது. அந்தத் துறையின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று, உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பாராமல் முழு மனிதரையும் அவருடைய எல்லா மருந்துகளையும் ஒருசேரப் பார்ப்பது. அதை மருத்துவமனைச் சுவர்களுக்குள் மட்டும் வைத்திராமல் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு செல்ல வேண்டும்.

கச்சேரி, கோடை, அமெரிக்கப் பெட்டி

நம் பகுதிக்கே உரிய மூன்று பழக்கங்களைக் குறித்துச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, வெளியே போகும் நாளில் மட்டும் மாத்திரை போடுவது. டிசம்பர் இசை விழாவுக்கோ, உறவினர் திருமணத்துக்கோ, வெளியூர்ப் பயணத்துக்கோ முன் ஒன்றை விழுங்கினால் அன்றைய பொழுது கழியும் என்று சிலர் நம்புகிறார்கள். இந்த மாத்திரைகளுள் பல மெல்ல மெல்ல மருந்தை வெளிவிடும் வகையில் செய்யப்பட்டவை, நாள்தோறும் உட்கொண்டு பலன் காண வேண்டியவை. இவற்றை உடைத்தோ, மென்றோ, பொடித்தோ உண்ணலாகாது. அப்படிச் செய்தால் நாள் முழுவதும் இறங்க வேண்டிய மருந்து ஒரே வேளையில் இறங்கிவிடும். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகப் போடவும் கூடாது. இதனினும் கொடியது, வெளியே போகும் நாளில் இதய நோய்க்கான நீர் மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுவது. மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்கு வர அதுவே வழியாகலாம். அந்த மாத்திரையின் வேளையை மாற்றிக்கொள்ள இயலுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டாவது, கோடையைப் பற்றியது. அக்னி நட்சத்திர நாள்களில் நம் உடல் வியர்வையால்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துகள் வியர்வையைக் குறைக்கக்கூடும். அதே நாள்களில் சிறுநீர் வருமே என்று தண்ணீரையும் குறைத்தால் வெப்பத் தாக்கு நெருங்கிவிடும். போதாக்குறைக்கு, அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டும், மலச்சிக்கலும் மிகும். ஆகவே பகலில் போதிய அளவு தண்ணீர் பருகி, உறங்கப் போவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்து மட்டும் குறைத்துக்கொள்வதே முறை. இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காகத் தண்ணீருக்கு அளவு வைக்கப்பட்டவர்கள் அந்த அளவையே பின்பற்ற வேண்டும்.

மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டி. அமெரிக்காவில் 2013 முதல், ஆக்ஸிபியூடினின் கலந்த ஒட்டுப்பட்டை ஒன்று பெண்களுக்கு மட்டும் சீட்டின்றி விற்க ஒப்புதல் பெற்றது. அங்கிருக்கும் மகளோ மகனோ அன்போடு அதை வாங்கி அனுப்புகிறார்கள். அங்கே சீட்டின்றிக் கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தீங்கற்றது என்பதற்குச் சான்றாகாது. கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களும் சிறுநீர் தேங்குபவர்களும் பயன்படுத்தலாகாது என்று அந்த உறையே எச்சரிக்கிறது. அதைப் படிக்காத தந்தையார் தாமும் ஒன்றை ஒட்டிக்கொண்டால், சிறுநீர் அடைத்துக்கொண்டு துடிக்க நேரலாம். அன்பாக வந்த பொருளையும் மருத்துவரிடம் காட்டிய பின்பே பிரியுங்கள்.

மறுப்புகளுக்கு எங்கள் விடை

ஒவ்வொரு முறையும் மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் கட்டணம் கொடுத்து மாளுமா, காத்திருக்க நேரம் ஏது, அழைத்துவர மகனுக்கு விடுப்பு கிடைக்குமா என்று நீங்கள் கேட்பது நியாயமே. பராமரிப்பவர்களின் சுமையை நாங்கள் அறிவோம். மாதந்தோறும் வரச் சொல்லவில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு, மருந்து தொடங்கிய 4 வாரத்தில் ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும், 75 வயதைக் கடந்தவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறையும் மறுபரிசீலனை போதும் என்கிறது. இந்த அளவு நம்மாலும் இயலும். இந்தியாவில் 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி, தொடர் ஆலோசனையைக் காணொளியிலும் பெறலாம். ஒவ்வொரு வருகைக்கும் ஆட்டோவும் விடுப்பும் தேவையில்லை.

கடைக்காரர் தருகிறாரே, நாங்கள் ஏன் மறுக்க வேண்டும் என்ற கேள்வியும் எழும். 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்தை, மீண்டும் வழங்கலாம் என்று மருத்துவர் அதில் குறித்திருந்தாலன்றி, ஒரே சீட்டுக்கு ஒருமுறைக்கு மேல் வழங்கலாகாது. இந்த விதி கடைக்காரரை வருத்துவதற்காக எழுதப்பட்டதன்று. சீட்டு எழுதிய நாளில் இருந்த உங்கள் சிறுநீரகமும் கண்ணும் இரத்த அழுத்தமும் இன்றும் அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்பதற்காக எழுதப்பட்டது. பழைய சீட்டை நீட்டும்போது, சீட்டு எங்கே, புதிது இல்லையா என்று கேட்கும் கடைக்காரர்மீது கோபம் கொள்ளாதீர்கள். அவர் உங்கள் நலத்தைக் காக்கிறார்.

மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. எத்தனை நாளுக்கு இந்த மாத்திரை, எப்போது மீண்டும் பார்க்க வேண்டும், எந்த அறிகுறி கண்டால் உடனே நிறுத்த வேண்டும் என்னும் மூன்றையும் தமிழிலேயே சீட்டின் ஓரத்தில் எழுதித் தாருங்கள். தொடரவும் என்ற ஒற்றைச் சொல்லில் ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

மாத்திரைக்கு முன்னும் உடனும்

மருந்து எழுதப்படுவதற்கு முன்பே செய்யத் தக்கவை உண்டு. எழுதப்பட்ட பின்னும் அவற்றை விடலாகாது. அவசரம் எழுந்தவுடன் ஓடாமல், அமர்ந்து, இடுப்புத் தளத் தசைகளை இறுக்கி, முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து நிமிடம் என்று தள்ளிப்போட்டுப் பழக வேண்டும். இவ்வாறு இடைவெளியைப் படிப்படியாக நீட்டும் சிறுநீர்ப்பைப் பயிற்சியைக் குறைந்தது 6 வாரமாவது செய்து பார்க்க வேண்டும். இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியை மூன்று மாதம் விடாமல் செய்தால் பலருக்குக் கசிவு குறையும்; முறையை இயன்முறை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது. மாலை நேரத்து இரண்டாம் டம்ளர் காப்பியை விடுவது மயிலாப்பூர்க்காரர்களுக்கு எளிதன்று என்பது தெரியும். ஆயினும் இரண்டு வாரம் விட்டுப் பார்த்து, வேறுபாடு உண்டா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மலச்சிக்கலைத் தீர்த்தாலே சிலருக்குச் சிறுநீர் அவசரம் பாதி தணிந்துவிடும். படுக்கையிலிருந்து கழிப்பறைக்குச் செல்லும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். கால்மிதி வழுக்காததாக இருக்கட்டும்.

மாத்திரைகள் பலன் தராவிட்டாலும் வழி அடைந்துவிடவில்லை. சிறுநீர்ப்பையின் தசையில் போட்யூலினம் ஊசி செலுத்துதல், கணுக்கால் நரம்பைத் தூண்டுதல் முதலிய சிகிச்சைகள் உண்டு. ஆகவே பலன் தராத மாத்திரையைப் பழக்கத்தால் தொடர்வதில் பொருளில்லை.

சில அறிகுறிகள் காத்திருக்க விடா. அடிவயிறு வலித்துச் சிறுநீர் வெளியேறாமல் நின்றுவிடுதல், கண்ணில் திடீர் வலியும் விளக்கைச் சுற்றி வளையம் தெரிதலும், முகமோ நாக்கோ வீங்குதல், பேச்சிலும் நினைவிலும் புதிதாகத் தடுமாற்றம், இரத்த அழுத்தம் 180/110-ஐத் தொடுதல் ஆகியவை தோன்றினால் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். வரும்போது மாத்திரை அட்டையையும் எடுத்து வாருங்கள். அவசரமில்லாத பக்கவிளைவாயினும் அதைப் பதிவு செய்யலாம். 2010-இல் தொடங்கப்பட்ட இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. நோயாளிகளும் குடும்பத்தாரும் இதில் நேரடியாகத் தெரிவிக்கலாம். நீங்கள் தெரிவிக்கும் ஒரு செய்தி, முன்பின் அறியாத இன்னொருவரைக் காக்கக்கூடும்.

அடுத்த முறை மருத்துவரைக் காண வருமுன் இரண்டு வேலைகளைச் செய்துவிடுங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், அரசு தந்தவை, கடையில் வாங்கியவை, வெளிநாட்டிலிருந்து வந்தவை, சித்த, ஆயுர்வேத மருந்துகள் எவையும் விடாமல், ஒரே துணிப்பையில் போடுங்கள். எப்போது எவ்வளவு பருகினீர்கள், எத்தனை முறை எவ்வளவு கழித்தீர்கள், எப்போது கசிந்தது என்பதை மூன்று நாள் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பழைய அளவுக் குவளை ஒன்று போதும். கூச்சத்தால் சொல்ல முடியாததை அந்தக் குறிப்பேடு சொல்லிவிடும். பையையும் குறிப்பேட்டையும் மருத்துவரின் மேசைமேல் வைத்து, இந்த மாத்திரை எதுவரை என்று கேளுங்கள். அவர் சொல்லும் நாளைச் சீட்டில் எழுதி வாங்காமல் எழுந்து வராதீர்கள்.